நிழலை அளந்த அறிஞர்

நுழையும்முன்

காலத்தை அறிவது மாந்தரின் மிகப் பழைய தேவைகளுள் ஒன்று. உழவுக்கும் கடற்பயணத்துக்கும் வழிபாட்டுக்கும் அது இன்றியமையாதது. கடிகாரம் தோன்றுவதற்கு முன் கதிரவனே காலங்காட்டி. தரையில் விழும் நிழலே அதன் முள். அந்நிழலின் இயல்பை ஆராய ஒரு தனி நூலையே இயற்றிய அறிஞர் அல்பெரூனி. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவரது வாழ்க்கையை அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

சுவரில் தொங்கும் அட்டவணை

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எனச் சென்னையின் தென்புறநகர்களில் உள்ள பள்ளிவாசல்களுள் எதற்குச் சென்றாலும், சுவரில் ஓர் அட்டவணையைக் காணலாம். ஐந்து வேளைத் தொழுகைக்குரிய நேரங்கள் அதில் குறிக்கப்பட்டிருக்கும். சற்று உற்று நோக்கினால் ஒரு செய்தி புலப்படும். அந்நேரங்கள் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. சில நாள்களுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் முன்னோ பின்னோ நகர்ந்துகொண்டே இருக்கும். நண்பகல் தொழுகைக்குரிய நேரமும் சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குவதில்லை. நவம்பர்த் தொடக்கத்தில் தாம்பரத்தில் கதிரவன் உச்சியைக் கடப்பது 11 மணி 53 நிமிட அளவில்; பிப்ரவரி நடுவிலோ 12 மணி 24 நிமிட அளவில்.

இந்நகர்வுக்குக் காரணம் தொழுகை கடிகாரத்தை நம்பி அமைந்ததன்று. கதிரவனை நம்பி அமைந்தது என்பதே. கடிகாரம் மனிதர் தம் வசதிக்காக வகுத்துக்கொண்ட ஒழுங்கு. இந்தியா முழுமைக்கும் பொதுவான நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. தாம்பரம் அதற்கு மேற்கே இரண்டு பாகைக்கும் சற்று மிகுதியான தொலைவில் உள்ளது. ஆதலால் கதிரவன் இங்கு உச்சிக்கு வருவது சராசரியாக ஒன்பதரை நிமிடம் தாமதமாகிறது. கோயம்புத்தூரில் அது மேலும் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் பிந்தும். கதிரவனுக்கு ஊருக்கு ஊர் ஒரு நேரம் உண்டு. அதனைக் கணக்கிட்டு அறியும் கலையை வளர்த்தோருள் முதல் வரிசையில் நிற்பவர் அல்பெரூனி.

புறநகரில் பிறந்தவர்

அபு ரைஹான் முகம்மது இப்னு அகமது என்பது அவரது பெயர். நடு ஆசியாவில், இன்றைய உசுபெகிஸ்தான் நாட்டில் அடங்கிய குவாரிசம் என்னும் பகுதியில், காத் என்னும் நகரையொட்டி 973ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பிறந்தார். பாரசீக மொழியில் பெரூன் என்னும் சொல் வெளிப்புறத்தைக் குறிக்கும். நகரின் மதிலுக்கு வெளியே பிறந்தவர் என்னும் பொருளிலேயே அவர் அல்பெரூனி என அழைக்கப்பட்டார். புறநகர்க்காரர் என்பதே உலகம் அவருக்கு வைத்த பெயர்.

அவர் பன்னிரண்டு அகவைச் சிறுவராக இருந்தபோது, இங்கே சோழநாட்டில் முதலாம் இராசராசன் அரியணை ஏறினான். தஞ்சைப் பெரிய கோவில் 1010இல் நிறைவுற்றபோது அவருக்கு அகவை முப்பத்தேழு. இரு வேறு நிலங்களில் இரு பெரும்பணிகள் ஒரே காலத்தில் நிகழ்ந்தன.

குவாரிசம் அரச குடும்பத்தைச் சேர்ந்த அபு நசுர் மன்சூர் என்னும் கணித அறிஞர் அல்பெரூனிக்கு ஆசிரியராக வாய்த்தார். பதினேழாம் அகவை அளவிலேயே, அரைப்பாகை வரை குறியிட்ட ஒரு வளையத்தைக் கொண்டு நண்பகல் கதிரவனின் உயரத்தை அளந்து, காத் நகரின் அட்சரேகையைக் கணித்தார் மாணவர். இளமையில் சூரிய கிரகணங்களை நேர்விழியால் நோக்கியதால் தம் பார்வை ஊறுபட்டதைப் பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். கதிரவனை நேராக நோக்காமல், நீரில் தோன்றும் அதன் உருவை நோக்குவதே நன்று என்பது அவர் பட்டறிந்து கூறிய அறிவுரை.

இரு நகரம், ஒரு கிரகணம்

995ஆம் ஆண்டில் குவாரிசத்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. தம்மைப் போற்றிய அரச குடும்பம் வீழ்ச்சியுற, இருபத்திரண்டு அகவை இளைஞராகிய அல்பெரூனி ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. வறுமையும் அலைச்சலும் அவரைத் தொடர்ந்தன. ஆயினும் ஆய்வு நிற்கவில்லை.

997ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. அதனைக் காத் நகரிலிருந்து அல்பெரூனியும் பாக்தாத் நகரிலிருந்து அபுல் வஃபா என்னும் முதுபெரும் வானியல் அறிஞரும் முன்னரே பேசிக்கொண்டபடி நோக்கினர். சந்திர கிரகணம் காண்போர் அனைவருக்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. எனவே அக்கணத்தில் இரு நகரங்களின் உள்ளூர் நேரங்கள் எவ்வளவு வேறுபட்டன என்று ஒப்பிட்டால், அவை கிழக்கு மேற்காக எவ்வளவு விலகியுள்ளன என்பது விளங்கும். வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று கண்டனர். இன்று தாம்பரத்துக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே நாம் கூறும் நிமிடக் கணக்கும் இதே முறையின் பயனே. தொலைபேசியும் தந்தியும் இல்லாத காலத்தில், நேரில் காணாத இருவர் வானத்தை நடுவராக வைத்து இதனைச் செய்தனர் என்பது வியப்புக்குரியது.

பின்னர்க் காசுபியன் கடற்கரையை அடுத்த குர்கான் நகரில் தங்கியபோது, 1000ஆம் ஆண்டையொட்டிப் பழங்கால நாடுகளின் கால வரிசை பற்றிய பெருநூலை இயற்றினார். யூதர், கிறித்தவர், பாரசீகர், அரேபியர் முதலிய பலரும் நாளையும் மாதத்தையும் ஆண்டையும் எவ்வாறு கணக்கிட்டனர் என்பதை அதில் தொகுத்தார். தம் சமயத்தார் அல்லாதார் கணக்கையும் அவரவர் கூறும் முறையிலேயே எடுத்துரைத்தார்.

இடுக்கணிலும் தளராதவர்

சில ஆண்டுகள் கழித்துத் தாயகம் திரும்பி அரசவையில் மதிப்புடன் வாழ்ந்தார். அந்த அமைதியும் நீடிக்கவில்லை. 1017இல் கசினி முகமது குவாரிசத்தை வென்றார். தம்முடன் கசினி நகருக்குக் கொண்டு சென்ற அறிஞர்களுள் அல்பெரூனியும் ஒருவர். நாற்பத்து நான்காம் அகவையில் தாயகம் மீண்டும் கைவிட்டுப் போனது.

மறு ஆண்டு அக்டோபரில் காபூலுக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருந்தார். கையில் கருவி ஒன்றும் இல்லை. மனமோ துயரில் ஆழ்ந்திருந்தது. அந்நிலையிலும் கணக்கிடுவதற்குரிய பலகையொன்றின் பின்புறத்தில் வட்டத்தின் கால்பகுதியை வரைந்து, அதில் பாகைகளைக் குறித்து, நூற்குண்டைத் தொங்கவிட்டுக் கதிரவனின் உயரத்தை அளந்தார். அவ்வூரின் அட்சரேகை அதனால் கிடைத்தது. கருவி இல்லை என்பதை அவர் காரணமாகக் காட்டவில்லை.

நிழல்கள் பற்றிய நூல்

கசினியில் வாழ்ந்த காலத்தில், 1021ஆம் ஆண்டை ஒட்டி, நிழல்கள் குறித்த முழுமையான ஆய்வு நூலை அவர் எழுதினார். நிழல் என்றால் என்ன, அது எவ்வாறு நீண்டு குறுகும், அதைக் கொண்டு பொழுதையும் திசையையும் எவ்வாறு அறிவது என்பனவற்றை விளக்கும் அந்நூல், தொழுகை நேரங்களை அறியும் முறையையும் விரிவாக ஆராய்கிறது.

நாள்தோறும் ஐந்து வேளைத் தொழுகை இசுலாமியர்க்குக் கடமை. ஒவ்வொன்றுக்கும் வானமே எல்லை வகுத்துள்ளது. கீழ்வானில் வெண்மையான ஒளி அடிவானத்தையொட்டிக் கிடையாகப் பரவும்போது சுபுஹுத் தொழுகைக்குரிய வேளை பிறக்கிறது. கதிரவன் எழும்போது முடிகிறது. கதிரவன் உச்சியைக் கடந்து சாயத் தொடங்கியதும் லுஹர். நிழல் குறிப்பிட்ட அளவு நீண்டதும் அஸர். கதிரவன் மறைந்ததும் மஃரிப். மேல்வானின் அந்தி ஒளி முற்றும் அகன்றபின் இஷா. இவற்றுள் முதலும் இறுதியும் ஒளியைப் பற்றியவை. கதிரவன் அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ பதினெட்டுப் பாகை தாழ்ந்திருக்கும்போது இவ்வொளி தோன்றுவதும் மறைவதும் நிகழும் என்று அல்பெரூனி கணித்தார். இந்நாளைய வானியலும் அந்தியின் எல்லையாகக் கொள்வது அதே பதினெட்டுப் பாகையையே.

லுஹரும் அஸரும் நிழலைப் பற்றியவை. சமதளத்தில் செங்குத்தாக ஒரு கோலை நட்டு நோக்கினால், காலையில் நீண்டிருந்த நிழல் சிறிது சிறிதாகக் குறுகும். நண்பகலில் மிகக் குறுகும். பின்னர் வளரத் தொடங்கும். அவ்வளர்ச்சியின் தொடக்கமே லுஹரின் தொடக்கம். நண்பகல் நிழலுக்கு மேல் கோலின் உயரத்துக்கு நிகரான அளவு நிழல் வளர்ந்ததும் அஸர் நேரம் வந்துவிடும் என்பது ஷாஃபி மரபு. கோலின் உயரத்தைப்போல் இரு மடங்கு வளரவேண்டும் என்பது ஹனஃபி மரபு. தமிழ்நாட்டில் இவ்விரு மரபினரும் வாழ்கின்றனர். ஆதலால் அட்டவணைகளில் அஸர் நேரம் வேறுபடக் காணலாம்.

நண்பகல் நிழலைக் கூட்டிக்கொள்வது ஏன்? கசினி நகரம் ஏறத்தாழ முப்பத்து மூன்றரைப் பாகை வடக்கில் உள்ளது. அங்கு டிசம்பர் 22ஆம் நாள் நண்பகலிலேயே நிழல் கோலைப்போல் ஒன்றரை மடங்கு நீண்டிருக்கும். கோலின் அளவை மட்டும் கருதினால், லுஹர் வருவதற்கு முன்னரே அஸர் வந்துவிட்டதாகிவிடும். எனவே நண்பகல் நிழலுக்கு மேல் வளர்ந்ததை மட்டுமே கணக்கில் கொள்ளவேண்டும்.

தாம்பரத்தின் நிலை வேறு. இவ்வூர் ஏறத்தாழ பதின்மூன்று பாகை வடக்கில், கடகரேகைக்குத் தெற்கே உள்ளது. இங்கு ஒரு மீட்டர்க் கோலை நட்டால், டிசம்பர் 22ஆம் நாள் நண்பகலில் அதன் நிழல் 74 சென்டிமீட்டர் அளவில் வடக்கே விழும். மார்ச் 21இல் அது 23 சென்டிமீட்டராகக் குறையும். சித்திரை இரண்டாம் வாரத்தில், அதாவது ஏப்ரல் 24ஆம் நாளையொட்டி, கதிரவன் நேர் உச்சியில் நிற்க, கோலுக்கு நண்பகல் நிழலே இராது. அதன்பின் நிழல் தெற்கே திரும்பி, ஜூன் 21இல் 19 சென்டிமீட்டர் அளவை எட்டி, மீண்டும் குறுகி, ஆவணித் தொடக்கத்தில் இரண்டாம் முறை மறையும். நிழல் மறையும் ஏப்ரல் நாளில் ஷாஃபி மரபினர்க்கு அஸர் நேரம், நிழல் ஒரு மீட்டர் நீளும்போது, ஏறத்தாழ 3 மணி 13 நிமிடத்தில் தொடங்கும். ஹனஃபி மரபினர்க்கு நிழல் இரண்டு மீட்டர் ஆகும்போது, ஏறத்தாழ நாலரை மணிக்குத் தொடங்கும்.

தெரியுமா?
நிழலை அளக்க நடும் கோலைப் பண்டை இந்திய வானநூலார் சங்கு என்றனர். அதனைப் பன்னிரண்டு அங்குலமாகப் பகுத்துக்கொள்வது அவர்தம் வழக்கம். கோலைப் பன்னிரு கூறாகப் பகுக்கும் முறை அரபு வானியலிலும் இடம்பெற்றது.

பிறர் அறிவை ஏற்றல்

நிழல்கள் பற்றிய நூலில் ஒரு நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. தொழுகை நேரத்தைக் காட்டும் கருவியொன்று, தொழுகைக்கு அழைக்கும் மோதினார் ஒருவரிடம் தரப்பட்டது. கருவியில் கிழக்கு ரோமப் பேரரசினரின் மாதங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. பிற சமயத்தாரின் மாதங்கள் உள்ள கருவியைப் பள்ளிவாசலில் பயன்படுத்துவது அவர்களைப் பின்பற்றுவதாகும் எனக் கூறி அவர் அதனை மறுத்துவிட்டார். அந்த ரோமர்கள் உணவும் உண்கின்றனர். அப்படியாயின் உண்பதையும் கைவிட்டுவிடலாமே என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி.

நகைச்சுவைபோல் தோன்றும் இம்மறுமொழியில் ஓர் ஆழ்ந்த உண்மை உண்டு. இசுலாமிய மாதங்கள் நிலவைப் பின்பற்றுவன. அவை கதிரவனின் ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நாள் குறைந்தவை. ஆகவே ரமலான் மாதம் ஓராண்டு கோடையிலும் வேறோர் ஆண்டு மழைக்காலத்திலும் வரும். நிழலின் நீளமோ கதிரவனின் ஆண்டைப் பொறுத்தது. நிழல் கணக்கைப் பொறிக்கக் கதிரவன் வழிப்பட்ட மாதங்களே தேவை. நம் சித்திரையும் ஆவணியும் அத்தகையவை. ஆதலால்தான் தாம்பரத்தில் நிழல் மறையும் நாளை அம்மாதங்களைச் சொல்லிக் குறிக்க முடிகிறது. மோதினார் மறுத்தது ஒரு வேற்றுப்பெயரை. அதனால் இழக்க இருந்ததோ தம் வழிபாட்டுக்குரிய சரியான வேளையை. வணக்கத்தைப் பிழையின்றிச் செய்ய விழைபவர், சரியான அறிவு எவரிடம் இருப்பினும் அதனை ஏற்கவேண்டும் என்பது அல்பெரூனியின் உறுதிப்பாடு.

இந்தியாவைக் கற்றவர்

இவ்வுறுதிப்பாட்டை அவர் எழுத்தில் மட்டும் வைக்கவில்லை, வாழ்ந்தும் காட்டினார். கசினி முகமதின் படையெடுப்புகளால் வடமேற்கு இந்தியா அல்லலுற்ற காலம் அது. வென்ற அரசின் நிழலில் வாழ்ந்த அல்பெரூனி, தோற்ற மக்களிடம் மாணவராக அமர்ந்தார். நாற்பது அகவையைக் கடந்தபின் வடமொழியைக் கற்றார். பண்டிதர்களின் துணையுடன் இந்தியக் கணிதத்தையும் வானியலையும் மெய்யியலையும் பயின்றார். பதஞ்சலியின் யோக நூலை அரபு மொழியில் தந்தார். யூக்ளிட்டின் வடிவியலையும் தாலமியின் வானியலையும் வடமொழியில் தர முயன்றார்.

1030ஆம் ஆண்டில் இந்தியாவைப் பற்றிய பெருநூலை நிறைவு செய்தார். தென்னாட்டுக்கு அவர் வந்ததில்லையாயினும், சேதுவையும் இலங்கையையும் பற்றிய செய்திகளை அதில் குறித்துள்ளார். இந்தியரின் கருத்துகளை அவர்தம் நூல்களின் வழியே எடுத்துரைத்து, உடன்படாத இடங்களில் காரணத்துடன் மறுத்தார். படையெடுப்புகள் நாட்டின் வளத்தைச் சிதைத்ததையும், வெல்லப்பட்ட பகுதிகளை விட்டு அறிவுத்துறைகள் தொலைவுக்கு அகன்றதையும் மறைக்காமல் எழுதினார். அவ்வரசின் தலைநகரில் வாழ்ந்துகொண்டே இதனை எழுதியது எளிய செயலன்று.

மலைமீது நின்று உலகை அளந்தவர்

பஞ்சாபில் நந்தனா என்னும் மலைக்கோட்டை உள்ளது. இன்று அது பாகிஸ்தானில் அடங்கியது. அங்குத் தங்கியிருந்தபோது, அருகில் ஒரு மலையும் அதன் எதிரே விரிந்த சமவெளியும் இருக்கக் கண்டார். முதலில் மலையின் உயரத்தை அளந்தார். பின்னர் உச்சியில் நின்று, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தோன்றுகிறது என்று நோக்கினார். பூமி உருண்டையாதலால், உயரே செல்லச் செல்ல அடிவானம் தாழும். அத்தாழ்வு 34 கலை எனக் கண்டு, மலையின் உயரத்தையும் கொண்டு பூமியின் ஆரத்தைக் கணித்தார்.

அதற்கு முன் இம்முயற்சி பாலைவனத்தில் நெடுந்தொலைவு நடந்து அளக்கும் பெரும்பணியாக இருந்தது. கலீபா மாமூன் காலத்து அறிஞர்கள் அவ்வாறே அளந்திருந்தனர். அல்பெரூனி தம் விடை அவர்கள் விடைக்கு நெருங்கி வந்ததைக் கண்டு மகிழ்ந்தார். ஆயினும் அவர்தம் கருவிகள் நுண்மையானவை, உழைப்பும் மிகுதி எனக் கூறி, அவர்கள் கண்ட அளவையே தம் கணக்குகளுக்கு மேற்கொண்டார். தம் கண்டுபிடிப்பைவிட உண்மையை மேலாக மதித்த பண்பு இது.

இவ்வளவையும், தொழுகையில் மக்கா நோக்கி நிற்கும் திசையாகிய கிப்லாவைக் கசினி நகருக்குக் கணிக்கும் முறையையும், நகரங்களின் இருப்பிடங்களை அறிவது பற்றிய நூலில் 1025ஆம் ஆண்டு எழுதி முடித்தார். முதலாம் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தை வென்ற ஆண்டும் அதுவே. கிப்லா ஊருக்கு ஊர் வேறுபடும். தாம்பரத்தில் அது மேற்கிலிருந்து ஏறத்தாழ பதினெட்டுப் பாகை வடக்கே சாய்ந்துள்ளது.

இறுதிவரை மாணவர்

முகமதுக்குப்பின் அவர் மகன் மசூது ஆட்சிக்கு வந்தார். அவர் பெயரால் அமைந்த வானியல் பெருநூலே அல்பெரூனியின் படைப்புகளுள் மிகப் பெரியது. அதற்குப் பரிசாக ஒரு யானை சுமக்கும் அளவு வெள்ளியை அரசர் அனுப்பியதாகவும், தமக்குத் தேவையில்லை என அவர் திருப்பியனுப்பியதாகவும் பிற்கால வரலாற்று நூல் கூறுகிறது. அறுபதைக் கடந்த அகவையில், தாம் எழுதிய நூல்களுக்குத் தாமே ஒரு பட்டியல் தொகுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் அதில் இடம்பெற்றன. காலத்தால் அழிந்தனபோக எஞ்சியவை சிலவே.

அவர் இறப்பைப் பற்றியும் ஒரு செய்தி வழங்குகிறது. படுக்கையில் மூச்சுத் திணறிக் கிடந்தவரைக் காண நண்பராகிய சட்ட அறிஞர் ஒருவர் வந்தார். சொத்துரிமை பற்றி முன்னர்ப் பேசிய ஒரு சிக்கலை அவரிடம் மீண்டும் கேட்டார் அல்பெரூனி. இந்நிலையிலா என நண்பர் தயங்க, அறியாமல் இறப்பதைவிட அறிந்து இறப்பது மேலன்றோ என்றாராம். நண்பர் விளக்கிச் சொல்லி விடைபெற்றுத் தெருவில் நடக்கும்போதே வீட்டிலிருந்து அழுகுரல் எழுந்ததாம். 1048ஆம் ஆண்டளவில் கசினியில் அவர் வாழ்வு நிறைவுற்றது.

பின்வந்த நூற்றாண்டுகளில் எகிப்து, சிரியா ஆகிய நாடுகளின் பெரும் பள்ளிவாசல்கள் காலம் கணிப்பதற்கென்றே வானியலாரைப் பணியில் அமர்த்தின. முவக்கித் எனப்பட்ட அவர்களுள் திமிஷ்கு நகரின் இப்னு ஷாத்திர் புகழ்பெற்றவர். இன்று அப்பணியைக் கணினி செய்கிறது. எனினும் கணக்கு மாறவில்லை.

தாம்பரத்தில் ஒரு பள்ளியின் விளையாட்டுத் திடலில் நட்ட கோலின் நிழல், கசினியில் அல்பெரூனி நட்ட கோலுக்குரிய அதே விதிப்படியே நீள்கிறது, குறுகுகிறது. பார்ப்பவர் எம்மொழியினர், எச்சமயத்தவர் என்று அது பார்ப்பதில்லை. அந்நிழலைப் போலவே அறிவும் எல்லார்க்கும் பொதுவானது என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் மெய்ப்பித்தவர், நகருக்கு வெளியே பிறந்த அப்பெருமகனார்.

கற்பவை கற்றபின்

1. ஒரு மீட்டர் நீளக் கோலைப் பள்ளித் திடலில் செங்குத்தாக நட்டு, முற்பகல் 11.30 முதல் பிற்பகல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நீளத்தைக் குறித்து, உங்கள் ஊரின் உச்சிப்பொழுதைக் கண்டறிக. கதிரவனை நேராக நோக்குதல் கூடாது.
2. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் தொழுகை அட்டவணையில், ஒரு மாதத்தில் லுஹர், அஸர் நேரங்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. பிறரிடமிருந்து கற்பதால் நம் மரபு வளருமா, தளருமா? அல்பெரூனியின் வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.